நம் மொழி, நம் சட்டம்: எத்தியேன் பாரான் என்ற பத்திரிகைக்காரர்

கியூபெக் நகரத்தில், பழைய கோட்டைச் சுவருக்கு உள்ளே ஒரு கல் கட்டடம் இருக்கிறது. மாடியில் நூலகம். சுற்றிலும் மர அலமாரிகள், மேலே நடைமாடம், 1759-இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்த நகரத்தைப் பிடித்த ஆங்கிலத் தளபதி வுல்ஃபுக்கு அங்கே ஒரு மரச்சிலை. ஆங்கிலப் புத்தகங்களுக்கான நூலகம் அது. கீழே இறங்கினால் சிறை அறைகள். 1812-இலிருந்து 1867 வரை அந்தக் கட்டடம்தான் நகரத்துச் சிறைச்சாலை. அறைகளை இடிக்காமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

1838 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 36 வயதுப் பத்திரிகையாசிரியர் ஒருவரைக் கைது செய்து இங்கே அடைத்தார்கள். எத்தியேன் பாரான். வக்கீலுக்குப் படித்தவர், 'லெ கனாதியன்' பத்திரிகையின் ஆசிரியர், சட்டமன்ற நூலகத்தையும் ஒரு காலத்தில் கவனித்துக்கொண்டவர். குற்றம், ராஜத்துரோகச் சூழ்ச்சி. பத்திரிகையை அச்சடித்த ஃபிரெஷெத்தையும் சேர்த்துப் பிடித்தார்கள். இதில் கசப்பான விஷயம், அதற்கு ஒரு வருடம் முன்புதான் பாரானை அவருடைய சொந்த மக்களில் பலர் துரோகி என்று தூற்றியிருந்தார்கள். ஆயுதம் எடுக்காதீர்கள் என்று எழுதிய குற்றத்துக்காக.

இரண்டு பக்கமும் அடி வாங்கிய மனிதர் என்பதால் மட்டும் நான் பாரானைப் பற்றி எழுதவில்லை. அப்படிப்பட்டவர்கள் எந்த நாட்டு வரலாற்றிலும் உண்டு. ஒரு சிறிய மக்கள் கூட்டம் தன் மொழியோடு பிழைத்திருக்க என்னென்ன வேண்டும் என்ற கேள்வியை ஐம்பது வருடம் விடாமல் கேட்டவர் அவர். வயது ஏற ஏற பதிலை மாற்றிக்கொண்டார். ஒரு கட்டத்தில் 'முடியாது போலிருக்கிறது' என்றும் ஒளிக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்காகத்தான் அவரைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் பின்னணி. 1763-இல் பிரான்ஸ் தன் கனடாப் பகுதியை பிரிட்டனிடம் விட்டுக்கொடுத்தபோது, செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்க விவசாயிகள் அறுபது, எழுபதாயிரம் பேர் இருந்தார்கள். புது அரசு அவர்களை ஆங்கிலேயராக்கிவிடலாம் என்று முதலில் நினைத்தது. நடக்கவில்லை. தெற்கே அமெரிக்கக் குடியேற்றங்கள் கொந்தளிக்கத் தொடங்கிய நேரம் வேறு. 1774-இல் கியூபெக் சட்டம் வந்தது. கத்தோலிக்க மதத்துக்கு அனுமதி, பழைய பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு அனுமதி. 1791-இல் நாட்டை மேல் கனடா, கீழ் கனடா என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் கொடுத்தார்கள். இன்றைய ஒன்டாரியோ மேல் கனடா, இன்றைய கியூபெக் கீழ் கனடா. ஆற்றின் ஓட்டத்தை வைத்து வைத்த பெயர்கள் அவை.

கீழ் கனடாவில் பிரெஞ்சுக்காரர்கள்தான் பெரும்பான்மை. அதனால் சட்டமன்றம் அவர்கள் கையில் இருந்தது. ஆனால் அதற்கு மேலே நியமன மேலவை, நியமன நிர்வாகக் குழு, எல்லாவற்றுக்கும் மேலே லண்டன் அனுப்பிய ஆளுநர். இவை பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரிகள், வியாபாரிகள் வசம். சட்டமன்றம் நிறைவேற்றுவதை மேலவை அடைத்துப் போடும். மேலவைக்குப் பிடித்த செலவுக்குச் சட்டமன்றம் பணம் தராது. அரை நூற்றாண்டுச் சண்டைக்கு இந்த அமைப்பே போதுமானதாக இருந்தது.

பாரான் 1802 மே 2-ஆம் தேதி கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில் போபோர் என்ற ஊரில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்த குடும்பம். மூத்த பிள்ளை, பின்னால் ஏராளமான தம்பி தங்கைகள். நிக்கோலே கல்லூரியிலும் பிறகு கியூபெக் குருமடப் பள்ளியிலும் படித்தார். படிப்பை முடிக்காமலே வெளியே வந்து, கொஞ்ச நாள் மாமாவின் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தார். அப்புறம் வயல். மாணவனாக இருந்தபோதே பத்திரிகைக்கு எழுதிப் பழகியிருந்ததால் 1822-இல் கூப்பிட்டுவிட்டார்கள். இருபது வயதில் 'லெ கனாதியன்' ஆசிரியர்!

அந்தப் பத்திரிகையின் கதையும் சாதாரணமானதல்ல. 1806-இல் பியேர் பெதார் என்ற வக்கீலும் நண்பர்களும் தொடங்கியது. ஆங்கில வியாபாரிகளின் பத்திரிகை, 'ஆங்கிலேயக் குடியேற்றத்துக்கு இந்த மாகாணம் அளவுக்கு மீறிப் பிரெஞ்சாக இருக்கிறது' என்ற பொருளில் எழுதிக்கொண்டிருந்த காலம். அதற்குப் பதில் சொல்ல ஒரு தாள் வேண்டியிருந்தது. 1810 மார்ச்சில் ஆளுநர் கிரெய்க் படைவீரர்களை அனுப்பி அச்சுக்கூடத்தைப் பறிமுதல் செய்தார். பெதாரை விசாரணையே இல்லாமல் ஒரு வருடத்துக்கும் மேல் உள்ளே வைத்தார்கள். பாரான் உட்கார்ந்தது அந்த நாற்காலியில்.

1825-இல் பத்திரிகை நின்றது. பாரான் சட்டம் படிக்கப் போனார். வாலியேர் த சான்-ரெயால் என்ற பெயர்பெற்ற வக்கீலிடம் பயிற்சி, கூடவே 'கியூபெக் கெசட்'டில் வேலை. 1829-இல் வக்கீலாகப் பதிவு, அதே வருடம் கல்யாணம். ஆனால் நீதிமன்றம் அவரைக் கட்டிப்போடவில்லை. சட்டமன்றத்தில் மொழிபெயர்ப்பு, நூலகம் என்று சம்பளத்துக்கான வேலைகளைப் பார்த்தாரே தவிர, வழக்காடிப் பெயர் வாங்கியவர் இல்லை. சட்டப் படிப்பு அவருடைய தலையங்கத்தில்தான் தெரியும். குறையை அடுக்கிவிட்டு நிறுத்த மாட்டார். எந்தச் சட்டத்தின் எந்த இடத்தில் ஓட்டை, அதை அடைக்க என்ன செய்யலாம் என்று போவார்.

1831 மே 7. 'லெ கனாதியன்' மறுபடி வெளிவந்தது, ஆசிரியர் பாரான். முகப்பில் ஒரு வாசகம்: 'நம் நிறுவனங்கள், நம் மொழி, நம் சட்டங்கள்.'

இந்த மூன்றையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூன்றும் ஒரே நிலையில் இல்லை. சட்டங்களுக்கு 1774-இல் எழுத்துப்பூர்வமான உறுதி கிடைத்துவிட்டது. பிரான்ஸிலிருந்து வந்த பாரிஸ் வழக்காற்றுச் சட்டப்படி சொத்து பிரிப்பது, வாரிசுரிமை, நில உரிமை எல்லாம் தொடர்ந்தன. நிறுவனங்கள் என்றால் தேவாலயப் பங்கு, நிலவுரிமை முறை, அதோடு 1791-இல் வந்த சட்டமன்றமும்தான். அவற்றுக்கும் ஏதோ ஒரு காகிதம் இருந்தது. மொழிக்கு? ஒன்றுமே இல்லை. 1774 சட்டத்திலும் இல்லை, 1791 சட்டத்திலும் இல்லை. முதல் சட்டமன்றம் கூடியவுடன் நடந்த பெரிய வாக்குவாதங்களில் ஒன்றே அதுதான். 1793-இல் இரண்டு மொழியிலும் பதிவு வைப்பது என்று முடிவானது. ஆனால் சட்டத்தின் மூலபாடம் ஆங்கிலம்தான் என்று லண்டன் சொல்லிவிட்டது. ஆக, நடுவில் நின்ற அந்த ஒற்றைச் சொல், பழக்கத்தின் பலத்தில் மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஒரு கையெழுத்தில் போய்விடக்கூடியது. பத்து வருடத்தில் போகவும் செய்தது.

பாரான் அன்று எழுதியவற்றில் இன்னொரு விஷயம் முக்கியம். நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் சட்டமன்றத்தின் நம்பிக்கையைப் பெற்றவர்களாக இருக்க வேண்டும், நம்பிக்கை போனால் பதவி போக வேண்டும் என்று அவர் 1830-களின் தொடக்கத்திலிருந்தே வற்புறுத்தினார். இதற்குப் பொறுப்பாட்சி என்று பெயர். இன்று பாராளுமன்ற ஆட்சி உள்ள எந்த நாட்டிலும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. அன்று ஒரு குடியேற்ற நாட்டில் அதைக் கேட்பது வரம்பு மீறல். ஆளுநர் லண்டனுக்குக் கட்டுப்பட்டவரா, ஊர்க்காரர்களுக்குக் கட்டுப்பட்டவரா என்ற கேள்வி உடனே வரும். பெதார் தொடங்கி வைத்த அந்த வாதத்தைப் பாரான் வருடக்கணக்காகப் பேசிப் பேசிப் பழக்கப்பட்ட வாதமாக்கினார்.

சட்டமன்றத்தில் தலைமை லூயி-ஜோசப் பாப்பினோவிடம் இருந்தது. பெரிய பேச்சாளர், சபாநாயகர், மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். 1834-இல் அவரும் அவருடைய 'பாத்ரியோத்' கட்சியும் 92 தீர்மானங்களில் எல்லாக் குறைகளையும் அடுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். பாரான் ஆதரித்தார். ஆனால் அடுத்த இரண்டு வருடத்தில் விரிசல் விழுந்தது. அரசுச் செலவுக்குப் பணமே ஒதுக்காமல் நிர்வாகத்தை முடக்குவது பாப்பினோவின் வழி. கிடைப்பதை வாங்கிக்கொண்டு அதை வைத்து அடுத்ததைக் கேட்கலாம் என்பது பாரானின் வழி.

1837 மார்ச்சில் லண்டனிலிருந்து பதில் வந்தது. ஜான் ரஸ்ஸல் பிரபு கொண்டுவந்த 10 தீர்மானங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மேலவை கிடையாது, பொறுப்பாட்சி கிடையாது, போதாக்குறைக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலே கருவூலத்திலிருந்து ஆளுநர் பணம் எடுத்துக்கொள்ளலாம். ஊர் கொதித்தது. நியாயமான கோபம்தான், பாரானும் கோபப்பட்டார். ஆனால் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். துப்பாக்கி இல்லை, பயிற்சி இல்லை, எதிரே பிரிட்டிஷ் காலாட்படை. தோற்றால் இன்று கையில் இருப்பதும் போய்விடும் என்று எழுதினார். மான்ட்ரியல் பக்கத்துப் பத்திரிகைகள் அவரைத் துரோகி என்றன.

பாரான் சொன்னதைக் கேட்காமல் ஆயுதம் எடுத்தார்கள். நவம்பர் 23-இல் சான்-தெனி என்ற ஊரில் கலகக்காரர்கள் ஜெயித்தார்கள். இரண்டே நாளில் சான்-ஷார்லில் தோற்றார்கள். டிசம்பர் 14-இல் சான்-உஸ்தாஷில் தேவாலயத்துக்குள் புகுந்து நின்றவர்களைப் படை தீ வைத்து வெளியே வரவழைத்துச் சுட்டது. ஊர்கள் எரிந்தன. பாப்பினோ அமெரிக்காவுக்குத் தப்பிவிட்டார். அரசமைப்பை நிறுத்தி வைத்தார்கள். சட்டமன்றமே இல்லாமல் போயிற்று.

தான் சொன்னது பலித்துவிட்டது என்று பாரான் மார்தட்டவில்லை. இங்குதான் அவர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. கலகத்தை எதிர்த்த அதே பேனா, தோற்றவர்கள் மேல் அரசு காட்டிய கொடுமையைக் கண்டிக்கத் திரும்பியது. 1838 நவம்பரில் இரண்டாவது கிளர்ச்சி எழுந்து அடங்கியதும் ராணுவ நீதிமன்றம் உட்கார்ந்தது. டிசம்பர் 21, மான்ட்ரியல் சிறை வாசலில் முதல் இருவரைத் தூக்கில் போட்டார்கள். ஒருவர் ஜோசப்-நார்சிஸ் கார்தினால், சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர், 30 வயது. இன்னொருவர் ஜோசப் துக்கே, 23 வயது. சுருக்கு சரியாக விழாமல், துக்கேயை இரண்டாம் முறை தூக்கிலிட வேண்டியதாயிற்று. ஐந்து நாள் கழித்துப் பாரானைக் கைது செய்தார்கள். அவர் உள்ளே இருந்தபோதே ஜனவரியில் ஐந்து பேர், பிப்ரவரியில் இன்னும் ஐந்து பேர். மொத்தம் பன்னிரண்டு. 58 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

கியூபெக் குளிர் சாதாரணக் குளிர் அல்ல. ஜனவரியில் ஆறே உறைந்து கிடக்கும். கல் சுவர், கல் கட்டடம். அந்தக் குளிர்காலம் முழுக்க பாரான் உள்ளே இருந்தார். உள்ளே இருந்தபடியே பத்திரிகையையும் நடத்தினார். ஸ்தானிஸ்லாஸ் த்ரபோ என்ற அச்சுக்கூடப் பையன் சாப்பாடு கொண்டு போவான். பழம் வைத்துச் சுடுகிற 'தார்த்' என்ற பலகாரத்தின் மேல் ஓட்டுக்கு அடியில் செய்தித்தாள் துண்டுகள் இருக்கும், பாரான் எழுதியது திரும்பும்போது வெளியே வரும் என்று ஒரு கதை அந்தக் காலத்திலிருந்து சொல்லப்பட்டு வருகிறது. கைமாற்றிக் கைமாற்றிக் கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். பத்திரிகை நிற்கவில்லை என்பது மெருகு அல்ல. அதே சிறையில் அதே நேரத்தில் பிலிப் ஓபேர் த காஸ்பே என்பவரும் கடன் தீர்க்க முடியாமல் அடைபட்டிருந்தார். பிற்காலத்தில் கியூபெக்கின் புகழ்பெற்ற நாவலொன்றை எழுதியவர்.

1839 ஏப்ரலில் பாரான் வெளியே வந்தார். காது போயிருந்தது. சிறையின் குளிரில் பிடித்த நோய் கேட்கும் திறனை ஏறத்தாழ முழுவதுமாகப் பறித்துவிட்டது. வாயும் காதும்தான் வக்கீலுக்கும் அரசியல்வாதிக்கும் முதலீடு. அதில் பாதி போயிற்று.

வெளியே வந்தவருக்குக் காத்திருந்தது டர்ஹாம் அறிக்கை. கலகத்தின் காரணத்தை ஆராய லண்டன் அனுப்பிய டர்ஹாம் பிரபு 1838-இல் ஐந்தே மாதம் கனடாவில் இருந்தார். சீர்திருத்தக்காரர் என்று பெயர் எடுத்தவர் என்பதால் பாரான் அவரை நம்பிக்கையோடு வரவேற்றிருந்தார். அறிக்கையில் ஒரு பாதி, பாரான் இத்தனை வருடமாகக் கேட்ட பொறுப்பாட்சியைப் பரிந்துரைத்தது. மறுபாதி, பிரெஞ்சுக் கனடியர்களை 'வரலாறும் இலக்கியமும் இல்லாத மக்கள்' என்றது. இரண்டு கனடாக்களையும் ஒன்றாக்கி, ஆங்கிலப் பெரும்பான்மையை உண்டாக்கி, அவர்களைக் கரைத்துவிடுவதே அவர்களுக்கு நல்லது என்றது. பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலப் பெரும்பான்மைக்குள் கரைந்துகொண்டிருந்த அமெரிக்க மாநிலமான லூசியானாவை முன்மாதிரியாகக் காட்டியது. வில்லன் தொனியில் எழுதப்பட்ட அறிக்கையாக இருந்திருந்தால் எதிர்ப்பது சுலபம். டர்ஹாம் உண்மையிலேயே இரக்கத்தோடு எழுதினார், அதுதான் படிப்பவரை இன்னும் காயப்படுத்துகிறது. 'லெ கனாதியன்' அதைப் பிரெஞ்சில் பெயர்த்து வாசகர்களுக்குக் கொடுத்தது. அடி எங்கே விழப்போகிறது என்று மக்களுக்குத் தெரியட்டும் என்ற எண்ணம் அதில் இருந்திருக்க வேண்டும்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் பாரான் எழுதியதைத்தான் பின்வந்த அபிமானிகள் பலர் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். புதிய ஏற்பாட்டில் கரைந்துபோவது மெதுவாக, அதிர்ச்சி இல்லாமல் நடந்துவிடும், அதற்கு நாம் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டியதுதான் என்ற பொருளில் எழுதினார். எட்டு வருடம் முன்பு முகப்பில் 'நம் மொழி' என்று அச்சடித்தவர்! மாற்றி எழுதினார், மாற்றிப் பேசினார் என்று குற்றம் சொல்வது எளிது. ஆனால் அந்த நிலையை யோசித்துப் பாருங்கள். தோழர்கள் தூக்கில், மற்றவர்கள் கப்பலில், சட்டமன்றம் இல்லை, காதில் ஓசை இல்லை. எதிரே வல்லரசின் தீர்ப்பு. நம்பிக்கை இருப்பதுபோல் நடித்து வாசகரை ஏமாற்றாமல், தனக்குத் தோன்றியதை அப்படியே எழுதினார். தோல்வியை ஒத்துக்கொண்ட அந்தத் தலையங்கத்தைப் படித்த பிறகுதான் அவர் பிற்பாடு எழுதிய நம்பிக்கைச் சொற்களுக்கு எடை கூடுகிறது.

1840-இல் ஐக்கியச் சட்டம் நிறைவேறி, 1841 பிப்ரவரி 10 முதல் அமலுக்கு வந்தது. கீழ் கனடாவில் சுமார் ஆறரை லட்சம் பேர், மேல் கனடாவில் நாலரை லட்சம். ஆனால் புதிய பொதுச் சட்டமன்றத்தில் இருவருக்கும் தலா 42 இடம். மேல் கனடாவின் கடன் பல மடங்கு பெரியது, அதையும் இருவரும் சேர்ந்து சுமக்க வேண்டும். 41-ஆம் பிரிவு, சட்டமன்றத்தின் ஆவணங்கள் ஆங்கிலத்தில் மட்டும் என்றது. மொழிக்குக் காகிதம் இல்லாமல் இருந்ததன் விலை இதுதான்.

ஐக்கியத்தை எதிர்த்த பாரான் 1841-இல் சாகெனே தொகுதியிலிருந்து அந்தச் சட்டமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். இதற்குள் இன்னொரு கணக்கும் கண்ணில் படத் தொடங்கியிருந்தது. மேல் கனடாவிலும் ஆளுநரின் ஆட்களால் ஒதுக்கப்பட்ட ஆங்கிலச் சீர்திருத்தக்காரர்கள் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒரே அணியாக நின்று அவர்களோடு கை கோத்தால் சட்டமன்றப் பெரும்பான்மை கைக்கு வரும். கரைப்பதற்காகக் கட்டிய பாத்திரத்தையே பிழைக்கும் வழியாக்கலாம். இந்த வழியை நடத்திக் காட்டியவர் லூயி-இப்போலித் லாஃபோன்தேன். 1842 செப்டம்பர் 13-ஆம் தேதி, அப்போதைய தலைநகரான கிங்ஸ்டனில், ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று ஒருவர் கேட்டபோது, ஆங்கிலம் எனக்குப் பிரெஞ்சு அளவுக்குத் தெரிந்திருந்தாலும் இந்தச் சபையில் என் முதல் பேச்சை என் மக்களின் மொழியில்தான் பேசுவேன் என்று லாஃபோன்தேன் பதில் சொன்னார். பாரான் உறுப்பினராக இருந்த கடைசி நாட்கள் அவை. விவாதத்தைக் கேட்க முடியாத ஒருவர் சட்டமன்றத்தில் எத்தனை நாள் உட்கார முடியும்? அடுத்த மாதமே உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு, நிர்வாகக் குழுவின் எழுத்தராகப் பொறுப்பேற்றார். பத்திரிகையும் அவர் கையை விட்டுப் போனது.

பொதுவாக வாழ்க்கைக் குறிப்புகள் இந்த இடத்தில் சுருங்கிவிடும். பத்திரிகைப் போராளி அரசு அதிகாரி ஆனார், முடிந்தது கதை என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய மிக நல்ல சிந்தனை இதற்குப் பிறகுதான் வருகிறது.

1846 ஜனவரி 22. மான்ட்ரியலில் 'ஆன்ஸ்தித்யு கனாதியன்' என்ற இளைஞர் மன்றம், நூலகமும் பேச்சு மேடையும் சேர்ந்த இடம். பாரான் பேச வந்தார். தலைப்பு, தொழிலை நம் தேசிய இனத்தைக் காக்கும் வழியாகப் பார்ப்பது பற்றி. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் வக்கீல்கள், வக்கீலாகப் போகிறவர்கள். அவர்களிடமே சொன்னார்: நம் வீட்டுப் பிள்ளைகள் படித்தால் வக்கீல், வைத்தியர், பாதிரியார், இந்த மூன்றைத் தவிர வேறு எதற்கும் போவதில்லை. ஒரு ஊருக்கு வேண்டியதைவிட அதிகம் வக்கீல்கள் இருக்கிறார்கள். வியாபாரமும் தொழிற்சாலையும் முழுக்க அடுத்தவர் கையில். கைத்தொழில் செய்பவனை நாமே கீழாகப் பார்க்கிறோம். நாளை நம் மகன் வேலை தேடி அந்த முதலாளியிடம் போய் நிற்கும்போது, எந்த மொழியில் கேட்பான்?

கடைசிக் கேள்வி என் சொற்களில் வைத்தது. ஆனால் வாதத்தின் முதுகெலும்பு அதுதான். சட்டமன்றத்தில் ஓட்டு வாங்கி மொழியை ஓரளவுதான் காக்க முடியும். பட்டறையிலும் கடையிலும் கணக்குப் புத்தகத்திலும் அது புழங்காவிட்டால் மெல்ல வீட்டுக்குள் ஒடுங்கிவிடும். 1831-இல் 'நம் நிறுவனங்கள்' என்று சொன்னபோது அவர் மனதில் இருந்தது தேவாலயமும் சட்டமன்றமும். பதினைந்து வருடம் கழித்து அந்தப் பட்டியலில் தொழிற்கூடமும் சேர்ந்துவிட்டது. தானும் வக்கீல்தான், தானும் அரசு உத்தியோகஸ்தன்தான் என்ற நிலையில் நின்றுகொண்டு இதைச் சொல்வதில் ஒரு சங்கடம் இருந்திருக்கும். சொன்னார்.

அதே வருட நவம்பரில் பொருளாதாரப் படிப்பின் தேவை பற்றி, 1847-இல் உழைப்பு பற்றி, 1848-இல் மக்கள் கல்வி பற்றியும் சமூகத்தில் குருக்களின் இடம் பற்றியும், 1852-இல் தொழிலாளர் நிலை பற்றி என்று பேச்சுகள் தொடர்ந்தன. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள முடியாது. அறிவில் சிறந்தவர்களைப் படிப்படியாகப் பொறுக்கியெடுத்து அவர்களிடம் ஆட்சியைக் கொடுக்கலாம் என்ற அவருடைய யோசனை, பள்ளிக்கூடத் தேர்வை அரசியலாக்கியது போல் இருக்கிறது. ஆனால் வறுமையில் பிறந்த பிள்ளைக்கும் அந்தப் படிக்கட்டு திறந்திருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். விவசாயி மகன் அல்லவா.

இதற்கிடையே அரசியலில் காற்று திரும்பியிருந்தது. 1848-இல் லாஃபோன்தேனும் மேல் கனடாவின் ராபர்ட் பால்ட்வினும் சேர்ந்து பொறுப்பாட்சி அமைத்தார்கள். பாரான் 1830-களில் கேட்டது நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் 41-ஆம் பிரிவை லண்டன் நீக்கியது. 1849 ஜனவரியில் ஆளுநர் எல்ஜின் பிரபு தன் உரையை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசித்தார். பாரான் அப்போது மாகாணத் துணைச் செயலாளர், 1847-இலிருந்து. தலைநகரம் அப்போது மான்ட்ரியல், அங்கேதான் வேலை.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 25 இரவு, கலகத்தில் சொத்து இழந்தவர்களுக்கு நஷ்டஈடு தரும் சட்டத்துக்கு எல்ஜின் ஒப்புதல் கொடுத்ததைப் பொறுக்காத ஆங்கிலக் கூட்டம் பாராளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. நூலகமும் எரிந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களில் தப்பியவை சுமார் இருநூறுதான். மேல் கனடா, கீழ் கனடா இரண்டின் சட்டமன்ற நூல்களையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்த இடம் அது. ஒரு காலத்தில் பாரான் பொறுப்பில் இருந்த அலமாரிகளின் புத்தகங்கள் அந்தத் தீயில் போயின.

அதன் பிறகு தலைநகரம் டொரான்டோவுக்கும் கியூபெக்குக்கும் மாறி மாறிப் போனது. கோப்புகளோடு அதிகாரிகளும் மூட்டை கட்டினார்கள். கடைசியில் ஒட்டாவா. 1867-இல் இன்றைய கனடாக் கூட்டமைப்பு உருவானபோது, மத்தியப் பாராளுமன்றத்திலும் கியூபெக் சட்டமன்றத்திலும் இரண்டு மொழியையும் பயன்படுத்தலாம், சட்டங்கள் இரண்டிலும் அச்சாக வேண்டும் என்று அரசமைப்பின் 133-ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள். மொழிக்குக் காகிதம் வந்துவிட்டது. 1868 முதல் நான்கு வருடம் பாரான் அந்தக் கூட்டாட்சி அரசின் துணைச் செயலாளராக வேலை பார்த்து, 1872-இல் ஓய்வு பெற்றார்.

வீட்டில் ஐந்து பெண்கள், ஒரு பையன். ஒரு மருமகன் அன்துவான் ஜெரேன்-லாஜுவா. நாடு கடத்தப்பட்ட கலகக்காரர்களின் துயரத்தை வைத்து, நிக்கோலே கல்லூரியில் மாணவனாக இருந்தபோதே அவர் எழுதிய பாட்டைப் பிரெஞ்சுக் கனடாவில் இன்றும் பாடுகிறார்கள். இன்னொரு மருமகன் பெஞ்சமின் சூல்த், வரலாற்றாசிரியர். பேரன் லெயோன் ஜெரேன், கனடாவின் முதல் சமூகவியலாளர் என்று சொல்லத்தக்கவர். கியூபெக் விவசாயக் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதினார். 'வரலாறும் இலக்கியமும் இல்லாத மக்கள்' என்ற டர்ஹாமின் வரிக்கு இந்த ஒரு குடும்பத்திலிருந்தே எத்தனை புத்தகங்கள்!

பாரான் 1874 டிசம்பர் 22-ஆம் தேதி ஒட்டாவாவில் இறந்தார். தன் எழுத்தைச் சேர்த்துப் பெரிய நூலாக்கும் வேலையை அவர் செய்யவில்லை. பேச்சுகள் அவர் காலத்திலேயே அச்சில் வந்தன. தலையங்கங்கள் 'லெ கனாதியன்' பழைய கட்டுகளுக்குள்ளேயே கிடந்தன. தேர்ந்தெடுத்த கட்டுரைகளையும் வாழ்க்கையையும் சேர்த்து ஒரு சமூகவியல் பேராசிரியர் நூலாகக் கொண்டுவந்தது 1975-இல், அவர் இறந்து நூறு வருடம் கடந்த பிறகு.